இடது கிளியர், வலது கிளியர்

பல வருடத் தூக்கம் கலைந்து அந்தப் பழைய கார் முதல்முறையாக உறுமியபோது, அதற்காக ராப்பகலாக உயிரை விட்டுக்கொண்டிருந்த மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. பானெட்டுக்கு முன்னால்தான் நின்றார். கையில் கந்தல் துணி, கண் திறந்தே இருந்தது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிய கம்பவுண்டர், "அண்ணே, புடிச்சிருச்சு அண்ணே!" என்று கத்திக்கொண்டு குதித்து இறங்கி வந்தார். மேஜைமேல் கிடந்த ஸ்பானர்கள்கூட அதிர்ந்து கிலுகிலுத்தன. அவரோ ஷெட்டின் தகரச் சுவரைப் பார்த்தபடி அந்தத் துணியை விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆளே இல்லை.

கம்பவுண்டர் தோளைத் தொடப் போகும்போது அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"என்னடா, ஸ்டார்ட் ஆயிருச்சா?" என்றார். "எப்ப?"

ஊரில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டு வருவது நின்றதோடு அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸை, தலைமுடி கறுப்பாக இருந்தபோது கையில் வாங்கி, முடி இருந்த இடமே தெரியாமல் போன பிறகு திருப்பிக் கொடுத்தவர். அத்தனை காலத்திலும் அவர் வண்டியில் ஒருவர்கூட ஆசைப்பட்டு ஏறியதில்லை. தூக்கி ஏற்றப்பட்டவர்கள், அவர்களைப் பிடித்துக்கொண்டு அழுதபடி தொற்றிக்கொண்டவர்கள், அவ்வளவுதான். இறங்கும்போது நன்றி சொல்ல யாருக்கும் தோன்றாது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் ஒரு ஆசை இருந்தது. நல்லா இருக்கிற மனுஷர்களை, சிரித்துக்கொண்டு ஏறுகிறவர்களை, ஒரு தடவையாவது வைத்து ஓட்ட வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மனுஷனுக்கு அதுவே தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

கார், ஆஸ்பத்திரியின் வண்டி ஷெட்டில், அவருடைய ஆம்புலன்ஸுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எப்போதோ இருந்த ஒரு தலைமை டாக்டருடையது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெளிநாடு போனவர் திரும்பவேயில்லை. உருண்டு திரண்ட முன்பக்கம், தவளைக் கண் மாதிரி விளக்கு, கதவுக்குக் கதவு வெள்ளிப் பட்டை. அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஓய்வு பெறும்போது என்ன வேண்டும் என்று கேட்டார்கள், அதைக் கேட்டார். ஷெட் காலியாகிறதே என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுத் தகர ஷெட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், கால் வைக்கிற தளம் முழுக்கத் துருப்பிடித்து, கீழே தரை தெரிந்தது. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. டிரைவர் சளைக்கவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாள்தோறும் கையால் திருகிப் பார்த்து, ஒரு நாள் அது விரற்கடை அளவு அசைந்ததும் வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டார். "இதைக் காட்டத்தான் அடுப்பை விட்டுட்டு வரச் சொன்னீங்களா?" என்று அவள் திட்டினாள். ஆனால் பார்த்துவிட்டுத்தான் போனாள். உடைத்த கார்கள் குவிந்து கிடக்கும் கடைகளில் ஒரு கைப்பிடிக்காகவும் ஒரு கண்ணாடிக்காகவும் அலைந்தார். கதவுகளைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அடர்ந்த பச்சை அடித்தார். சீட்டு உறைகளை மனைவி தன் தையல் மெஷினில் தைத்தாள். தடித்த ரெக்சினில் ஊசி ஒடிய ஒடியத் தைத்தாள். தினமும் சாயங்காலம் ஷெட் வாசலில் நின்று, "உங்க பேஷண்ட் எப்படி இருக்காரு? கண்ணைத் தொறந்தாரா?" என்று கேட்பாள்.

அந்தக் கேலிக்கு டிரைவர் முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது கேட்காததுபோல் பானெட்டுக்குள் குனிந்துகொள்வார். ஏனென்றால் உண்மையான பேஷண்ட் யார் என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

முதலில் குளியலறையில் நடந்தது. வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அடுத்த நொடி அது வழிந்து கால் நனைந்து கதவிடுக்கு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அப்புறம் கடையில். சோப்புக் கேட்டார், கடைக்காரர் சோப்பை நீட்டியபடி, "என்ன சார், எவ்வளவு நேரம் கூப்பிடறது?" என்றார். மயக்கம் இல்லை, தலைசுற்றல் இல்லை, விழவும் இல்லை. படத்தின் நடுவில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டியதுபோல இருந்தது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாசனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெயிண்ட் வேலை முடிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டார்.

எஞ்சின் உறுமிய அன்று கம்பவுண்டர் சாவியைத் திருப்பி அதை அணைத்தார். ஷெட்டில் அமைதி வந்ததும் கேட்டார்:

"அண்ணே, இப்ப எங்க போயிருந்தீங்க?"

"எங்கடா போவேன்? இங்கதானே நிக்கிறேன்."

"நின்னீங்க. ஆனா நீங்க இங்க இல்ல."

இந்தக் கம்பவுண்டருக்கு மருந்து கலக்கத் தெரியாது. ஆம்புலன்ஸில் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிற உதவியாளர். வெள்ளைச் சட்டையைப் பார்த்து யாரோ கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. டிரைவரோடு பாதி ஆயுளை அந்த வண்டியில் கழித்தவர். இந்த மாதிரி வெறித்த பார்வையை எத்தனையோ முகங்களில் பார்த்தவர்.

"அந்த லாரிக்காரனை ஞாபகம் இருக்கா?" என்றார் கம்பவுண்டர்.

டிரைவர் கையிலிருந்த துணியை மேஜைமேல் போட்டார். எப்படி மறக்கும்? பஸ் நிறுத்தத்துக்குள் லாரியை ஏற்றிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணும் தெரியலைங்க, கண்ணை மூடித் தொறந்தேன், இங்க இருக்கேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். டிரைவர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "பொய் சொல்றான் பாரு, குடிகாரப் பய" என்று கத்தினார். பிறகு ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். அவன் குடித்திருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. பொய்யும் சொல்லவில்லை என்பது டிரைவருக்கு இப்போதுதான், தன் குளியலறையிலும் சோப்புக் கடையிலும் நின்று, தெரிந்தது.

"டாக்டரைப் பாருங்க. இல்லேன்னா நான் அண்ணிகிட்ட சொல்லிருவேன்."

"பாக்கறேன்டா. பாக்கமாட்டேன்னா சொன்னேன்? ஆனா அவங்க முதல்ல என்ன சொல்வாங்கன்னு உனக்கே தெரியும். சாவியைக் கீழ வையின்னுதான் சொல்வாங்க. ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக்கறேன். அப்புறம் போறேன்."

"ஒரு ரவுண்டுல என்ன வேணா நடக்கும் அண்ணே."

"எனக்குத் தெரியாதா?"

கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கார் அவருடையதும்தான். அதன் ஒவ்வொரு போல்ட்டையும் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் வரும். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது பயந்திருப்பார்கள்.

ஆம்புலன்ஸில் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஓய்வில்லாமல் வேலை பார்த்த காலத்தில் டிரைவர் கண் அசந்துவிடக் கூடாது என்று ஏற்படுத்திக்கொண்டது. ஒவ்வொரு சந்திப்பிலும் பின்னாலிருந்து, சின்ன ஜன்னல் வழியாக, கம்பவுண்டர் கத்துவார்: "இடது?" டிரைவர் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இடது கிளியர்." "வலது?" "வலது கிளியர்." பதில் வரவில்லை என்றால் கம்பவுண்டர் ஜன்னலில் ஓங்கி அடிப்பார். மழையிலும் வெயிலிலும், நோயாளி முனகும்போதும், நோயாளியின் மனைவி அலறும்போதும் அந்தக் கேள்வியும் பதிலும் நின்றதில்லை. கம்பவுண்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து ரோடு தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிரைவரின் பிடரியும் அந்தக் குரலும்தான். குரலை நம்பித்தான் அவர் பிழைத்து வந்தார்.

"நான் பக்கத்துல உக்காருவேன்," என்றார் கம்பவுண்டர். "கை ஹேண்ட்பிரேக் மேலயே இருக்கும். எல்லா முக்குலயும் கேப்பேன். ஒரு முக்குல பதில் வரலைன்னாலும் பிரேக்கை இழுத்துட்டுச் சாவியை எடுத்துக்குவேன். எல்லாத்துக்கும் பதில் வந்துச்சுன்னா, தின்னர் வாசனைதான்னு நானும் நம்பறேன். குட்டியை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

குட்டி என்பது டிரைவரின் மகள் வயிற்றுப் பேத்தி. முன் பல் இரண்டும் விழுந்த வயது. காருக்குப் பச்சை என்று நிறம் சொன்னதே அவள்தான். முன் சீட்டு தனக்கு என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

டிரைவர் கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகளும் குட்டியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் சோதனை ஓட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று இருவரும் கிளம்பினார்கள். ஷெட் கதவைத் திறந்ததும் மனைவி புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க, என்னை விட்டுட்டா? நான் தைச்ச சீட்டுல நான் உக்காராம வேற யாரு உக்காருறது?"

கம்பவுண்டர் டிரைவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. ஒரு சின்னப் பொய் போதும். பெட்ரோல் போட்டுட்டு வந்துடறோம், பிரேக் சரிபாக்கணும், ஏதாவது. டிரைவர் வாயைத் திறந்தார். அவள் தலையில் எண்ணெய் தேய்த்து வாரியிருந்தாள். கன்னத்தில் பவுடர்கூட இருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பயணி இதோ நிற்கிறாள், சிரித்துக்கொண்டு. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு அவர் பின் கதவைத் திறந்துவிட்டார்.

கார் கிளம்பியது.

அந்த ஓட்டத்தைப் பற்றி நான் கஞ்சத்தனமாகச் சொன்னால் அது அநியாயம். ஸ்டியரிங் பெரியது, கனமானது; பிடித்ததும் கையோடு பேசியது. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு தரம் குலுங்கி, பிறகு சமர்த்தாக நகர்ந்தது. இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மூன்றாவதில் விழுந்ததும் எஞ்சின் சத்தம் தணிந்து ஒரு முணுமுணுப்பாக ஆனது. அந்த முணுமுணுப்பில் தன் கை பட்ட ஒவ்வொரு சாமானும் அவருக்குத் தனித்தனியாகக் கேட்டது. அது நான் தேய்த்த வால்வு. அது நான் மாற்றிய பேரிங். அது நான் மூன்று தடவை கழற்றி மாட்டிய கார்புரேட்டர், இப்போது வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறது.

"இடது?"

"இடது கிளியர்."

"வலது?"

"வலது கிளியர்!"

கடைத் தெருவில் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஓட்டிய வண்டியைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கியிருக்கிறார்கள், பயந்திருக்கிறார்கள், வாய்க்குள் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். சிரித்ததில்லை. இப்போது சிரித்தார்கள். பழக்கடைக்காரர் கையைத் தூக்கி ஆட்டினார். பின்னாலிருந்து மனைவி, "மகாராணி மாதிரி இருக்குங்க!" என்று சிரித்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. டிரைவர் நின்றார். சிவப்பு விளக்குக்கு அவர் மரியாதை கொடுத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நிற்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது.

பச்சை விழுந்தது. பெட்ரோல் பங்க் வந்தது. அங்கே ஒரு ஆள் காற்றடிக்கும் குழாயைச் சுருட்டி மாட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் அதைப் பார்த்தார்.

பிறகு பூங்காவின் நீண்ட சுவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் வெயில். எஞ்சின் அதே முணுமுணுப்பு. கை ஸ்டியரிங்மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பங்க்குக்கும் பூங்காவுக்கும் நடுவில் மருந்துக்கடை நாலுமுக்கு இருக்கிறது. ஊரிலேயே மோசமான சந்திப்பு. அவர் கையாலேயே எத்தனையோ பேரைத் தூக்கி ஏற்றிய இடம். அதைக் காணவில்லை. நாலு ரோடு, மருந்துக்கடை, அதன் எதிரே இருக்கும் தபால் பெட்டி, எதுவும் இல்லை. அவர் காதில் ஒரு வார்த்தையின் வால் மட்டும் மிச்சமிருந்தது. தன் குரல்தான் அது. உரக்க, தெளிவாக, "...கிளியர்" என்று சொல்லியிருந்தது.

அவர் ஓரக்கண்ணால் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் பக்கவாட்டில் திரும்பி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார். வெறித்த கண்ணும் ரோட்டைப் பார்க்கிற கண்ணும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பின்னால் மனைவி குனிந்து, சீட்டு ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கிறதே என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஓரம் கட்டவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு முக்கிலும் உள்ளங்கை வியர்க்க, வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

எஞ்சினை அணைத்ததும் கம்பவுண்டர் அவர் தோளில் படீரென்று ஒரு தட்டு தட்டினார். காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: "ஒண்ணுகூட தப்பலைண்ணே! நாலுமுக்குல கேட்டேன் பாருங்க, கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துச்சு. கத்தி மாதிரி. நான்தான் கிறுக்கன், உங்களைப் போய் சந்தேகப்பட்டேன்." அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஹேண்ட்பிரேக்மேல் பிடித்துப் பிடித்துச் சிவந்துபோன கையை உதறிக்கொண்டு இறங்கினார்.

டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வாய் பழக்கத்தில் சொன்னது என்று எப்படிச் சொல்வது? ஆள் இல்லாத வீட்டில் கடிகாரம் மட்டும் அடிப்பதுபோல, அவர் இல்லாத நேரத்தில் அவர் வாய் மட்டும் வேலை பார்த்திருக்கிறது. அவர்கள் நம்பிய ஒரே காவலும் அதுதான்.

வாசலில் ஆட்டோ நின்றது. குட்டி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். யாராவது கதவைத் திறந்துவிடும் வரை காத்திருக்கவில்லை. தானே கைப்பிடியில் தொங்கித் திறந்து முன் சீட்டில் ஏறி, கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அப்பா, நிஜமாவே இது அந்தக் கார்தானா?" என்றாள். அவள் அவரை இப்படிப் பெருமையாகப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"தாத்தா, ஏறுங்க! போலாம்!"

டிரைவர் ஏறினார். சாவி கையில் இருந்தது. குட்டி முன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி மூச்சால் பனிப்படலம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன சுற்று. நாலுமுக்குப் பக்கம் போக வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். இப்போதுதான் ஒன்று வந்து போயிருக்கிறது, உடனே இன்னொன்று வராது. அவர் தன்னோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். லாரிக்காரனும் இப்படித்தான் பேசியிருப்பான் என்று தோன்றியது. தோன்றியும் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார்.

அப்போது ஹேண்டில் கோணிப்போன ஒரு ஸ்கூட்டரை யாரோ தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். தள்ளிவந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். தோளில் கருவிப் பை. ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிறவர் என்று பையில் எழுதியிருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிந்திருந்தது. பேண்ட் முட்டியில் கிழிந்திருந்தது.

"இந்தப் பச்சைக் கார்தான்," என்றார் அவர். "இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் இப்படி ஒண்ணு இல்லைன்னாங்க. யாருங்க ஓட்டினது? மருந்துக்கடை முக்குல உங்க வலது பக்கத்துலேருந்து வர்றேன், எனக்குப் பச்சை. கண்ணு தெரியலையா உங்களுக்கு? நான் பிரேக் அடிச்சுக் கீழ விழலைன்னா உங்க வண்டிக்கு அடியில போயிருப்பேன். நின்னுகூடப் பாக்கலை!"

கம்பவுண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரைப் பார்த்து கண்ணு தெரியலையான்னு கேக்கறீங்க? வாழ்நாள் பூரா ஆம்புலன்ஸ் ஓட்டினவர் அவரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்த முக்குல வலது பாத்து, கிளியர்னு சொல்லிட்டுத்தான் போனாரு. என் காதால கேட்டேன். நீங்கதான் வேகமா வந்திருப்பீங்க." திட்டிக்கொண்டே அவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து, முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பழக்கம் விடுமா? "எலும்பு ஒண்ணும் ஆகலை. மருந்து போட்டா சரியாயிடும். வலது பக்கம் யாரும் வரலைன்னு நாங்க ரெண்டு பேரும்..."

"நானும் பின்னாடிதான் இருந்தேன் தம்பி," என்றாள் மனைவி, பொறுமையாக. "இவரு ரொம்ப நிதானமா ஓட்டினாரு. உங்களுக்கு வேற வண்டி ஏதாவது..."

ஸ்கூட்டர்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இத்தனை பெரியவர்கள் ஒரே வாயாகச் சொல்லும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எனக்குப் பச்சைன்னுதான் நெனச்சேன்," என்றார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க. நான்தான் பதட்டத்துல..." என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். அவர் முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

டிரைவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எத்தனையோ ரத்தத்தைப் பார்த்தவர். அடிபட்டவன் தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

"நில்லுங்க," என்றார். காரிலிருந்து இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டார். "அவர் சொல்றதுதான் சரி. நான் அந்த முக்கைப் பாக்கலை."

"என்னண்ணே சொல்றீங்க? நீங்கதானே கிளியர்னு..."

"என் வாய் சொல்லுச்சுடா. நான் அங்க இல்ல."

கம்பவுண்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ரோட்டைப் பாக்கவே இல்லியே அண்ணே," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "உங்க வாயைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். வழிந்த வாளி, கூப்பிட்டும் திரும்பாத சாயங்காலங்கள், இவையெல்லாம் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து நிற்பதை டிரைவர் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

"கம்பவுண்டருக்குத் தெரியுமா?"

கம்பவுண்டர் தலையைக் குனிந்தார்.

"அப்போ தெரிஞ்சேதான் எனக்குக் கதவைத் தொறந்துவிட்டீங்க."

மகள் ஸ்கூட்டர்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, மருந்துப் பெட்டியைத் தேடி வீட்டுக்குள் ஓடினாள். குட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தாத்தா, சீக்கிரம்!" என்று உள்ளேயிருந்து ஹார்னை அழுத்தினாள். அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

மனைவி முன் கதவருகே போனாள். அதைத் திறக்குமுன் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்த ஆளு வராம இருந்திருந்தா?"

டிரைவர் சாவியைப் பார்த்தார். அது இன்னும் துவாரத்தில்தான் இருந்தது. பக்கத்தில், பச்சை நிறம் தேர்ந்தெடுத்தவள், ஆட்டிக்கொண்டிருந்த கால்களை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பியிருப்பேன்," என்றார்.

மனைவி கதவைத் திறந்து குட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவள் திமிறித் திமிறி அழுதாள், தாத்தாவோடு போவேன் என்றாள். மனைவி அவளை இறக்கிவிடவில்லை. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.